பிராக்கில் சொன்னதை ஓசூரில் ஏன் மறைத்தேன்?

"அப்புறம் சொல்றேன்" என்று என் மகளிடம் நான் நழுவிய இடம், பிராக் நகரத்தின் பழைய யூதக் கல்லறை.

என் இணையர் வேலை செய்யும் கம்பெனி அவரை மூன்று மாதப் பயிற்சிக்குச் செக் நாட்டுக்கு அனுப்பியிருந்தது. வாகன உதிரிபாகம் செய்யும் ஓசூரில் இது அதிசயம் இல்லை. கடந்த மே மாத விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நானும் பத்து நாள் போனேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு.

பிள்ளைகளோடு பழைய நகரத்தைச் சுற்றுவது எப்படி இருக்கும் என்று பெற்றோருக்குத் தெரியும். கருங்கல் பாவிய தெருவில் கால் வலி, ஒவ்வொரு முனையிலும் ஐஸ்கிரீம், கழிப்பறை தேடி ஓட்டம். பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு மணி சன்னல் திறந்து பொம்மைகள் வரிசையாகப் போகும். ஒரு எலும்புக்கூடு மணி அடிக்கும். என் மகன் அதை நான்கு முறை பார்த்தான். அந்தக் கடிகாரத்தில் பணப்பையோடு ஒரு கஞ்சன் பொம்மையும் உண்டு. ஒரு காலத்தில் அது யூத வட்டிக்காரன் என்ற கேலிச்சித்திரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் தாடியை எடுத்துவிட்டு வெறும் கஞ்சன் ஆக்கினார்கள். ஊரே நின்று ரசிக்கும் அழகுக்குள் ஒரு மக்களைப் பற்றிய வெறுப்பு அத்தனை காலம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் யூதர் குடியிருப்பு. அங்கே 15ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை பயன்பட்ட கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சின்ன இடம். ஏறக்குறைய 12,000 நடுகற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.

"ஏம்மா இவ்ளோ நெருக்கமா வெச்சிருக்காங்க?" என்றான் மகன்.

சட்டென்று சொன்னேன்: "அவங்க குடியிருப்பைத் தாண்டி வெளியே புதைக்க இடம் தரலைடா. அதான் புதைச்ச இடத்து மேலேயே மண் போட்டு, திரும்பத் திரும்பப் புதைச்சாங்க."

மகள் கேட்டாள்: "நம்ம ஊர்ல இந்த மாதிரி இருந்துச்சாம்மா?"

அப்போதுதான் "அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த அப்புறம் எட்டு மாதம் நீண்டது.

என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது என் ஆயா இறந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ஊர். சுடுகாட்டுக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் மணி நேரம். விடவில்லை. ஏரிக்கரையைச் சுற்றி, முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிப்போனார்கள். பக்கத்து வாணியம்பாடியில் 2019 ஆகஸ்டில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொலியை நாடே பார்த்தது. நான் டிவியை அணைத்தேன், பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று.

என்னைப் போல் எத்தனையோ பேர் இருக்கிறோம். படித்து, வேலைக்கு வந்து, சிப்காட் ஊரில் ஒரு வீடு பிடித்தவர்கள். ஓசூரில் வீடு தேடியபோது மூன்று இடங்களில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் அட்வான்ஸை வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லாததற்கு நாம் வைத்திருக்கும் காரணம் அன்பு. அவர்களுக்கு இந்தக் காயம் வேண்டாம் என்கிறோம். ஆனால் யூதர்களின் காயத்தை எட்டு வயதுப் பையனுக்கு ஒரு நொடியில் விளக்க என்னால் முடிந்ததே? அவர்களுடைய வரலாற்றில் எனக்கு வெட்கம் இல்லை. என்னுடையதில் இருந்தது. அந்த வெட்கத்துக்குத்தான் நான் அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யூத இன அழிப்பும் சாதியும் ஒன்றல்ல. ஒன்றை இன்னொன்றின் அளவுகோலால் அளப்பது இரண்டுக்கும் அநியாயம். செக் நாடும் கறை படியாத நாடு அல்ல. 1999 அக்டோபரில் அந்நாட்டின் ஊஸ்தி நகரில், ரோமா மக்கள் வாழும் வீடுகளை மறைத்துத் தெருவில் சுவர் எழுப்பினார்கள். ஐரோப்பா முழுவதும் கண்டனம் எழுந்தது. ஆறு வாரத்தில் சுவர் இடிக்கப்பட்டது. நம் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை காத்திருந்தோம். சுவர் கட்டுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அந்தச் சுவர் எவ்வளவு காலம் ஊரின் கண்ணை உறுத்தாமல் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க, நம்ம பழைய ஊரைப் பாக்கலாம்" என்று பிள்ளைகளைக் கிளப்பினேன். "ஓசூர்ல என்னம்மா பழசு?" என்று சிரித்தாள் மகள். அவள் கேட்டதும் நியாயம்தான். ஓசூர் என்றாலே கன்னடத்தில் புது ஊர். பிள்ளைகள் அறிந்த ஓசூர், கம்பெனி பஸ்ஸும் பெங்களூர் சாலை நெரிசலும்தான்.

காலையிலேயே மலையேறினோம். சந்திரசூடேஸ்வரர் கோயில் மலையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். ஒரு பக்கம் பழைய வீடுகள், அதைச் சுற்றி அடுக்குமாடிகள், தூரத்தில் தொழிற்சாலைக் கூரைகள். இறங்கி வந்தால் தேர்பேட்டை, பச்சைக்குளம். அங்கிருந்து கடைத்தெரு. மகனுக்கு இளநீர், மகளுக்குப் போண்டா.

ஒரு டீக்கடை முன் நின்று ஆயாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சந்தைக்குப் புளி விற்க வரும் ஆயா, தாகம் எடுத்தால் டீக்கடைக்குப் பின்னால் போய் நிற்பார். கொட்டாங்குச்சியில் டீ ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அதை அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

"சட்டம் இல்லியாம்மா அப்போ?" என்றாள் மகள்.

சட்டத்துக்கு முன்பே ஆணை இருந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் அனைத்தையும் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று. அதை அரசும் ஆணையாக வெளியிட்டது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். தெருவில் நடப்பதற்கே ஒரு அரசாணை தேவைப்பட்ட நாட்டில்தான் நாம் இப்போது ஹாயாக நடக்கிறோம் என்றேன். மகன் சும்மா இரண்டு அடி குதித்து நடந்து காட்டினான்.

ஓசூரில் 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் பிரெட், இங்கிலாந்துக் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் ஒரு மாளிகை கட்டினார். இன்று அது இடிபாடு. அதைக் கட்டிய வெள்ளைக்காரரின் பெயர் நமக்குத் தெரிகிறது; கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

மதியத்துக்கு மேல் வண்டியை எடுத்துக்கொண்டு தொரப்பள்ளி போனோம். ராஜாஜி 1878இல் பிறந்த வீடு அங்கே அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடம். என் மகளும் ஏற்கெனவே போயிருக்கிறாள். "முதல் இந்திய கவர்னர் ஜெனரல்" என்று ஒப்பித்தாள். 1953ஐப் பற்றி யாரும் சொல்லவில்லையா என்றேன். இல்லை. அந்த ஆண்டு முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் படிப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். அதைத்தான் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

"அது நடந்திருந்தா உன் தாத்தா பாதி நாள் செருப்புத்தான் தெச்சிருப்பார். அவர் வாத்தியார் ஆகலைன்னா நான் இன்ஜினியர் இல்ல, நீ பிராக் பாத்திருக்க மாட்ட" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ நாம யாரும்மா?" என்றாள். சொன்னேன். சாதியின் பெயரைச் சொன்னேன், அந்தப் பெயரை வைத்து நம்மை என்ன செய்தார்கள் என்று சொன்னேன், அதை எதிர்த்து நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்றும் சொன்னேன். ஏரிக்கரைச் சேறு வரை சொன்னேன். அவள் அழவில்லை. "இதை ஏன் அங்கயே சொல்லல?" என்று கோபப்பட்டாள். அவள் உடைந்துபோவாள் என்று இத்தனை காலம் பயந்திருந்தேன். அவள் கோபமெல்லாம் நான் மறைத்ததன் மேல்தான்.

திரும்பி வரும்போது தம்பி தூங்கிவிட்டான். அவளிடம் மட்டும் இன்னொன்றைச் சொன்னேன். 2018 நவம்பரில், சாதி கடந்து மணம் செய்து ஓசூரில் வாழ்ந்துகொண்டிருந்த இளம் இணையரைக் கடத்திக்கொண்டு போனார்கள். எல்லை தாண்டி, கர்நாடகத்தில் காவிரி ஆற்றிலிருந்து இருவரின் உடல்களும் கிடைத்தன. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். அந்த இளைஞர் அணிந்திருந்த சட்டையில் அம்பேத்கர் படம் இருந்தது. அவர் யார் என்று அறிய அந்தச் சட்டையும் உதவியது. இருவர் பெயரையும் என் மகளிடம் சொன்னேன்.

பிராக்கில் நடைபாதைகளில் பித்தளை முகம் கொண்ட சிறு கற்களை அவள் பார்த்திருக்கிறாள். பத்து சென்டிமீட்டர் சதுரம். இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார், இந்த ஆண்டு கொண்டுபோகப்பட்டார், இங்கே கொல்லப்பட்டார் என்று ஒவ்வொன்றிலும் ஒருவரின் பெயர். ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் 1990களில் தொடங்கிய வேலை. இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சம் கற்களைத் தாண்டிவிட்டது. "அவங்களுக்கு ஓசூர்ல கல் இருக்காம்மா?" என்று கேட்டாள். இல்லை. சாதித் தலைவர்களுக்குச் சிலையும் கம்பமும் முனைக்கு முனை இருக்கின்றன. சாதி கொன்றவர்களுக்கு ஒரு கல் இல்லை.

இங்கேதான் இளம் தோழர்களோடு ஒன்றைப் பேச விரும்புகிறேன். 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஊர், தெரு, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். இழிவைப் பலகையில் எழுதி வைத்து யாரும் அதற்குக் கீழே குடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பலகை மாறிய பிறகு, அந்தத் தெரு ஏன் ஊரை விட்டு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? பெயரை மாற்றிவிட்டுக் கதையையும் சேர்த்து மறைத்தால், ஒதுக்கியவர்களுக்குத்தான் நிம்மதி.

பிராக்கின் பிங்காஸ் யூத ஆலயத்துச் சுவர்களில், நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. 1950களில் எழுதினார்கள். 1968இல் ஆலயம் மூடப்பட்டு, பெயர்கள் அழிந்தன. 1990களில் மறுபடியும் ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். அந்த ஆலயத்தின் மாடியில் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1944இல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்படும் முன் சுமார் 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்தார். உயிர் போகப்போகிறது என்ற நிலையிலும் பிள்ளைகள் வரைந்ததை அவர் காப்பாற்றினார். நமக்கு அந்த நெருக்கடிகூட இல்லை. வாய் திறந்து பேசினாலே போதும்.

அதனால் கேட்கிறேன். உங்கள் ஊரின் பழைய தெருக்களை உங்கள் தம்பி தங்கைகளோடு, அக்கா பிள்ளைகளோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். கோட்டையையும் கோயிலையும் காட்டுங்கள். கூடவே யார் எந்தத் தெருவோடு நிறுத்தப்பட்டார்கள், எந்தக் கிணறு யாருடையது, சுடுகாட்டுக்கு எந்த வழி என்பதையும் காட்டுங்கள். ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஒதுக்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும். நம் வீட்டிலாவது யாரோ ஒரு ஆயா சொல்லிவிடுவார். அவர்கள் வீட்டில் யார் சொல்வார்கள்?

என் மகள் இப்போது ஓசூருக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். மலை, பச்சைக்குளம், டீக்கடை, தொரப்பள்ளி எல்லாம் இருக்கின்றன. அவளுக்குத் தெரியாத இடங்களைக் காலியாக விட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு எங்கள் ஊருக்குப் போகிறோம். ஏரிக்கரை வழியை அவள் நடந்து பார்க்க வேண்டுமாம். திரும்பும்போது ஊர்த்தெரு வழியாகத்தான் வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.