சும்மா வந்தோம்

ஆணுக்கு ஒரு பொருளும் பெண்ணுக்கு வேறு பொருளும் தருகிற தமிழ்ச் சொற்களைத் தொகுத்தால் தனி அகராதியே போடலாம். அதில் முதல் சொல்லாக நான் ‘சும்மா’வை வைப்பேன். விடியற்காலை எழுந்து, இரவு பாத்திரம் கவிழ்க்கிறவரை வேலை செய்கிறவளைப் பற்றி விசாரித்தால், ‘வீட்லதான் சும்மா இருக்கா’ என்கிறார்கள். அதே பெண் உண்மையிலேயே சும்மா ஓரிடத்தில் போய் நின்றால், ஊரே வந்து காரணம் கேட்கிறது. உழைக்கும்போது சும்மா இருப்பவள்; சும்மா இருக்கும்போது சந்தேகத்துக்குரியவள்.

போன கார்த்திகையில், மழை விட்டிருந்த இடைவெளியில், நானும் என் தோழியும் கடலூரிலிருந்து கோடியக்கரை வரை கரையோரமாகவே காரில் போனோம். ஓட்டியது அவள். பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று மூன்று நாள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஊர்களுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. சீசன் இல்லை என்பார்கள். கூட்டமில்லாத கடலைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு காரணம் இல்லை. சிக்கலே அதுதான்.

டீக்கடைகளில் எல்லாம் ஒரே கேள்வி. “வேளாங்கண்ணிக்காம்மா, நாகூருக்கா, திருநள்ளாறுக்கா?” இந்தக் கரையின் மதநல்லிணக்கம் மெய்யானது. எந்தச் சாமியை வேண்டுமானாலும் சொல்லலாம்; ஆனால் ஏதாவது ஒரு சாமியைச் சொல்லியாக வேண்டும். “சும்மா வந்தோம்ண்ணா” என்றதும் டீ ஆற்றுகிற கை நிற்கும். “சும்மாவா? வீட்லேர்ந்து யாரும் கூட வரலையா?” கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். காரணமில்லாத பெண்ணை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தராததில் என் துறைக்கும் பங்கு உண்டு. தமிழ் இலக்கியத்தில் ‘உலா’ என்றே ஒரு வகை இருக்கிறது. சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதி உலா தொடங்கி ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாக நூற்றாண்டுகளுக்கு நீண்ட வகை. இலக்கணம் எளிது: தலைவன் வீதியில் உலாப் போவான்; பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்த்து மயங்குவார்கள். போகிறவன் ஒருவன். நின்ற இடத்தில் நின்று உருகுகிறவர்கள் ஏழு வகை. அவனுக்குப் பருவம் கிடையாது, வீதி உண்டு. அவளுக்கு வீதி கிடையாது, பருவம் உண்டு. அதிலும் பேரிளம்பெண்ணோடு, பொதுவாக நாற்பது வயதோடு, கணக்கு முடிந்துவிடும். நாற்பதைத் தாண்டியவளுக்குப் பெயர்கூட இல்லை. அந்தக் கணக்குப்படி எங்கள் இருவருக்கும் சீசன் முடிந்துவிட்டது. சீசன் முடிந்த பெண்கள், சீசன் இல்லாத ஊர்களுக்குப் போனோம். இனி யாரும் பார்க்க மாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பார்ப்பது நிற்கவில்லை. பார்வை மட்டும் விசாரணையாக மாறியது.

விசாரணையையாவது சிரித்துக் கடக்கலாம். பூட்டை எப்படிக் கடப்பது? ஒரு கடற்கரையில் ‘பெண்கள்’ என்று எழுதிய கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்துக் கடைக்காரம்மா, “சீசன்லதான் தொறப்பாங்க கண்ணு” என்றார். ஆண்கள் பக்கத்துக்குக் கதவே இல்லை; அதனால் பூட்ட முடியவில்லை. இன்னொரு ஊரில் பெண்கள் பக்கம் துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் குடியிருந்தன. ஊர்ப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊரின் குறையாக அது சுருங்கிவிடும். மூன்று நாளில் நாங்கள் பார்த்தது நான்கு ஊர்களில் ஒரே பூட்டு.

ஆகவே எல்லாப் பெண்களும் செய்வதையே நாங்களும் செய்தோம். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். தாகத்தை அடக்குவது, அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது, மாதவிடாய்த் தேதியைப் பார்த்துப் பயணத் தேதி குறிப்பது: பெண்ணுக்குப் பயணம் என்பது முதலில் உடம்பை ஒடுக்கும் பயிற்சி. வீடு திரும்பியபின் வருகிற சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் மாத்திரைதான் எழுதித் தர முடியும். பூட்டை உடைக்க அவரால் முடியாது.

பூம்புகாரில் நின்றபோது மணிமேகலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஊரிலிருந்து கிளம்பித் தனியாக ஊர்ஊராகப் போனவள் அவள். அதற்காக அவளுக்கு மூன்று மந்திரங்கள் தரப்பட்டன: வேற்றுரு எடுக்க ஒன்று, வானில் பறக்க ஒன்று, பசி தாங்க ஒன்று. அதாவது, ஒரு பெண் தனியாகப் பயணம் போக வேண்டுமென்றால் அவளை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது; அவள் கால் தெருவில் படக் கூடாது; அவள் உடம்பு எதையும் கேட்கக் கூடாது. வஞ்சியில் சமயவாதிகளிடம் தத்துவம் கேட்கப் போகும்போது ஆண் துறவியின் உருவில்தான் போகிறாள். இத்தனை மந்திரம் இருந்தும், அவள் வேற்றுருவில் இருக்கும்போது இரண்டு ஆண்களுக்கிடையே நடந்த கொலைக்காக அவளைத்தான் சிறையில் அடைக்கிறார்கள். சாத்தனார் நம் பயண நிலைமையை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். நாம்தான் அதை அற்புதம் என்று நினைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்த மூன்றும் வேண்டாம். என் சொந்த உருவில், தரையில் நடந்து, பசிக்கும்போது சாப்பிட்டு, முட்டும்போது போய்வர ஒரு கதவு போதும்.

இரவு தங்க அறை கேட்டபோது ஒரு விடுதியில், “லேடீஸ் மட்டும்னா தர்றதில்லைங்க, ஃபேமிலிக்குத்தான்” என்றார்கள். இரண்டு பேரின் ஆதார் அட்டையும் மேசைமேல் இருந்தது. திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு பேராசிரியைகள் தங்குவதற்கு எந்தச் சட்டம் குறுக்கே வந்தது? சட்டமில்லை, ‘அக்கறை’. ‘உங்க பாதுகாப்புக்குத்தாங்க சொல்றோம்.’ இரவு ஒன்பது மணிக்கு, மழை இருட்டில், இரண்டு பெண்களை அறை கொடுக்காமல் சாலைக்கு அனுப்புவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

பாதுகாப்பு என்கிற வாதத்துக்கு இந்தக் கரையே பதில் வைத்திருக்கிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடுத்திப் பல நாள் நடந்துவருகிற பெண்கள் அந்த மணலிலும் சாலையோரத்திலும் படுத்துத் தூங்குகிறார்கள். நாகூரில் 14 நாள் கந்தூரி. ஆடி அமாவாசைக்கு வேதாரண்யத்திலும் பூம்புகாரிலும் விடியுமுன்னே பெண்கள் ஈரப் புடவையோடு கடலிலிருந்து ஏறி வருகிறார்கள். அப்போது விளக்கு எரிகிறது. தற்காலிகக் கழிப்பறை வருகிறது. சிறப்புப் பேருந்து ஓடுகிறது. காவலர்கள் நிற்கிறார்கள். அதே மணல், அதே கடல், அதே இரவு, அதே பெண் உடம்பு. மாறியது ஒன்றுதான்: அவள் ஒரு காரணத்தோடு வந்திருக்கிறாள். அப்படியென்றால் இந்தக் கரையைப் பெண்களுக்கானதாக ஆக்குவது எப்படி என்று அரசுக்கும் ஊருக்கும் தெரியும். பத்து நாளுக்குச் செய்கிறார்கள். மீதி நாட்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இல்லாமையையாவது பொறுத்துக்கொள்ளலாம். இது முடிவு.

‘கார் வைத்திருக்கிற பேராசிரியைகளின் ஆடம்பரம் இது, மீனவப் பெண்ணுக்கு இதுவா பிரச்சினை?’ என்று தோழர் ஒருவர் கேட்பார். எப்போதும் கேட்பார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். அந்தப் பூட்டிய கழிப்பறையின் வாசலில் எங்களுக்கு முன்பே நின்றவர் மீன் விற்கிற அம்மாதான். நாங்கள் மூன்று நாள் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் முப்பது வருடமாகக் குடிப்பதில்லை. விடியுமுன் கரைக்கு வந்து, ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு ஊருக்குள் போய்த் திரும்புகிறவருக்குச் சீசன் என்று எதுவும் வருவதேயில்லை. சுற்றுலாக்காரிக்கு வருடத்தில் பத்து நாளாவது திறக்கிற பூட்டு, அந்தப் பத்து நாளிலும் அவருக்குத் திறக்காது. ‘டூரிஸ்டுக்குத்தான்’ என்பார்கள்.

நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள் என்று வகுப்பில் நடத்துகிறேன். கரையில் காத்திருக்கும் பெண். அந்தக் காத்திருப்பை நாம் காதலாக மட்டுமே படித்தோம், வேலையாகப் படிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறியபோது கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. படகில் தொலைவில் இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். மீன் வரும் என்று கரையில் நின்றவர்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்கள், நீந்தக் கற்றுத்தரப்படாதவர்கள் போனார்கள். காலமெல்லாம் கடலோரத்தில் இருந்தும் கடல் அவர்களுக்குச் சொந்தமாக இல்லை. வேலைக்காகக் கரையில் நிற்க அனுமதி உண்டு. விளையாட, நீந்த, சும்மா கால் நனைக்க அனுமதி இல்லை. ஓய்வு வேறு, உயிர் வேறு என்று பிரித்துப் பேசுகிற தோழர் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

பேருந்தையும் பார்ப்போம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எத்தனையோ பெண்களின் கையில் காசு மிச்சமானது. அதை நான் வரவேற்கிறேன். அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில், நாற்றம் வருகிறது என்று ஒரு முதிய மீன்காரம்மாவை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. பயணச்சீட்டு இலவசமாகலாம். இருக்கையில் உட்கார உரிமை இருக்கிறது என்பதை ஒவ்வொரு பெண்ணும் தன் உடம்பால், தன் வாசனையோடு, தினமும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் காரணம் கேட்டவர்களும் அந்த அம்மாவை இறக்கிவிட்டவர்களும் கேட்டது ஒரே கேள்வி: நீ ஏன் இங்கே இருக்கிறாய்? சாதியும் வர்க்கமும் சேரும்போது அந்தக் கேள்வி எங்களுக்கு விசாரிப்பாக முடிகிறது. அவருக்கு அவமானமாக முடிகிறது. அதனால்தான் இந்தப் போராட்டத்தை அவரிடமிருந்து தொடங்க வேண்டும். அவருக்குத் திறக்கிற கதவு எங்களுக்கும் திறக்கும். எங்களுக்கு மட்டும் திறக்கிற கதவு அவருக்குத் திறக்காது.

வேதாரண்யம் தாயுமானவரின் முன்னோர் ஊர். சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சியில் வைத்துப் பாடியவர் அவர். ஆண் சும்மா இருந்தால் ஞானி, ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் கவிஞன், ஊர் சுற்றினால் அனுபவசாலி. எங்களுக்கு அந்த ஞானம்கூட வேண்டாம். அரை மணி நேரம் போதும். கடலைப் பார்த்துக்கொண்டு, எந்த வேண்டுதலும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரைக் கழிப்பறைகளை ஆண்டு முழுவதும் திறந்துவையுங்கள். சாவியை அந்தந்த ஊர் மீன்விற்கும் பெண்களின் குழுவிடம் கொடுத்து, அதற்கு மாதச் சம்பளமும் கொடுங்கள். அடையாள அட்டை காட்டும் பெண்ணுக்கு அறை மறுக்கும் விடுதிக்கு உரிமத்தை ரத்து செய்யுங்கள். திருவிழாவுக்குப் போடும் விளக்கை, திருவிழா முடிந்ததும் அவிழ்த்து எடுத்துப் போகாதீர்கள். கரையோரப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். கூடையோடு வருகிற அம்மாவுக்குப் பேருந்தில் கூடை வைக்க இடம் ஒதுக்குங்கள்.

இதில் எதற்கும் மந்திரம் தேவையில்லை. சாமிக்காகப் பத்து நாள் திறக்கிற பூட்டுதான். எங்களுக்காக வருடம் முழுவதும் திறந்துவையுங்கள். எதற்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.