கூலிக்காரனுக்குக் குவார்ட்டர், கனவானுக்கு ஒயின்

நல்ல பியர், நல்ல ஒயின், கட்டுப்படியாகும் விலை. இதைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகள் பக்கம் பக்கமாக எழுதும். அங்கே அதன் பெயர் ரசனை. கட்டட வேலை முடித்து, சிமெண்ட் காயாத கையோடு வருகிறவர் அதே கேள்வியைக் கேட்டால் அதன் பெயர் குடிவெறி. கேட்பவர் சேரிக்காரர் என்றால் சாதிப் பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

தோழர்களே, நாம் குடியைப் போற்ற வரவில்லை. குடி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் தெருவில் கணவனை இழந்த பெண்களின் வயதைக் கேட்டாலே போதும். நம் கேள்வி வேறு. உழைக்கிறவர் கையில் இந்த மாநிலம் எந்த மதுவை, என்ன விலைக்குத் திணிக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஐந்து சதவீத பியர் பாட்டில் 650 மில்லி; அதில் இருப்பது 32 மில்லி சொச்சம். விலை மட்டும் குவார்ட்டரைவிடக் குறைவில்லை. உடம்பு வலி மறக்கத்தான் ஒருவர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் 140 ரூபாய்க்கு எதை வாங்குவார்? ஒயின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. மெதுவாகக் குடிக்கிற, உடலை உடனே சாய்க்காத சரக்குக்கு விலை அதிகம். ஈரலைச் சீக்கிரம் தின்கிற சரக்கே அவருக்குக் கட்டுப்படியாகும். வரி போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? 2023-24 நிதியாண்டில் மட்டும் மது வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதில் நம் கூலிப் பணம் எவ்வளவு என்று எந்த வெள்ளை அறிக்கையும் பிரித்துச் சொல்லவில்லை.

மலிவான, மிதமான மது இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. மரத்திலேயே இருக்கிறது. புளித்த கள்ளின் ஆல்கஹால் அளவு பியரை ஒட்டியதுதான். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். பனையேறியின் கலயத்தைப் போலீஸ் உடைக்கும். அதே ஊரில் பிராந்திக் கடையை அரசே நடத்தும். கலப்படம் நடக்கிறது என்பார்கள். பாலிலும்தான் கலப்படம் நடக்கிறது. அங்கே பரிசோதனைக் கூடம் வைக்கிறோம், மாட்டைக் கைது செய்வதில்லை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. கள்ளுத் தொழிலாளர்களுக்கான நலநிதிச் சட்டம் அங்கே 1969-லேயே வந்துவிட்டது. புதுச்சேரியிலும் கள்ளுக்கடை உண்டு. கோவா அரசு 2016-ல் பெனியைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். உள்ளூர்த் திராட்சையில் செய்த ஒயினுக்கு 2001 முதல் கலால் வரிச் சலுகை. 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது சொன்ன காரணம், விவசாயி வருமானம். திராட்சைத் தோட்டக்காரருக்கு அமைச்சரவையில் ஆள் இருக்கிறது. பனையேறிக்கு யார் இருக்கிறார்கள்?

எளியவர்கள் தாங்களே செய்கிற மதுவைத் தடுத்து, தன் மதுவை மட்டும் விற்று, அந்தக் காசிலேயே ஆட்சி நடத்தும் தந்திரம் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. கறுப்பினப் பெண்கள் வீட்டில் காய்ச்சிய சோள பியருக்குத் தடை. நகராட்சி பியர்க் கூடத்துக்கு ஏகபோகம். அந்த லாபத்தில்தான் கறுப்பினத் தொழிலாளர்களை அடக்கியாளும் நிர்வாகமே நடந்தது. 1959-ல் கேட்டோ மேனர் பெண்கள் பியர்க் கூடங்களுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 1976-ல் சோவெட்டோ மாணவர்கள் தீ வைத்த கட்டடங்களில் பியர்க் கூடங்களும் இருந்தன. அந்தப் பெண்கள் குடியை மட்டும் எதிர்க்கவில்லை. காய்ச்சும் உரிமை தங்களிடமிருந்து பறிக்கப்பட்டதும் அவர்கள் கோபத்தில் இருந்தது.

இங்கே நம் தோழர்கள் பலரோடு நாம் முரண்படுகிறோம். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மாநாட்டுக்கு வந்த பெண்களின் கண்ணீர் உண்மை. ஆனால் முழு மதுவிலக்கு என்ற தீர்வை நாம் ஏற்கவில்லை. பிகாரில் 2016 முதல் மதுவிலக்கு. வழக்குகளில் சிக்குவது பெரும்பாலும் ஏழைகளே என்று பாட்னா உயர் நீதிமன்றமே 2024-ல் சாடியது. கள்ளச் சாராயச் சாவும் அங்கே நிற்கவில்லை. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். போலீஸ் கையில் இன்னொரு சட்டம் கிடைத்தால் முதல் லத்தி எந்தத் தெருவில் விழும் என்று நமக்குத் தெரியாதா?

அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவைக் காட்டுகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். அதில் மதுவிலக்கைச் சேர்க்கும் விவாதம் 1948 நவம்பரில் நடந்தபோது ஆதிவாசிகளின் குரலாக ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். சந்தால்களுக்கு அரிசி பியர் இல்லாமல் வங்கத்தில் நாற்று நடவு நடக்காது என்றார். அடுத்து, 1951-ல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கையே மதுவிலக்கை ரத்து செய்யச் சொன்னது. கல்விக்கும் நலத்திட்டத்துக்கும் பணம் எங்கிருந்து என்ற கேள்விக்குச் சொன்ன விடைகளில் அதுவும் ஒன்று. ஒழுக்க உபதேசம் அதில் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள், அவர்களில் பலர் தலித்துகள். ஊருக்குள் டாஸ்மாக் இல்லாமலா பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள்? குவார்ட்டர் விலை கட்டவில்லை. விலையை ஏற்றினால் குடி குறையும் என்று பேசுகிற பொருளாதார அறிஞர்கள் அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நின்றிருக்கலாம்.

சரி, கள்ளுக்கடையைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. கள் வேண்டும் என்று இன்று மேடையில் முழங்குகிறவர்களில் தோப்புக்காரர்கள் அதிகம். மரம் அவர்களுடையது, ஏறுகிறவர் வேறு, குடிக்கிறவர் வேறு. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த ஊர்களில் கள்ளுக்கடையில் மட்டும் நமக்கு நாற்காலி போடுவார்களா? சிரட்டையைத் தூக்கி நீட்டிய காலத்தை நம் தாத்தாக்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பழைய கடை நமக்கு வேண்டாம்.

ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். ஆல்கஹால் அளவைப் பார்த்து வரி போடு. மிதமான பியருக்கும் கள்ளுக்கும் குறை, பிராந்திக்கும் ரம்முக்கும் ஏற்று. ஆனால் பியரும் கள்ளும் கூலிக்காரர் கைக்கு எட்டும் விலையில் கடைக்கு வந்த பிறகே ஏற்று. இல்லையேல் அது மறுபடியும் கருணாபுரத்துக்கே வழி. கள் உரிமத்தை ஏலத்தில் விடாதே. ஏறுகிறவர்களின் கூட்டுறவுக்குக் கொடு, அதில் தலித் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கு. தனிக் குவளை வைக்கிற கடையின் உரிமத்தை அன்றே ரத்து செய். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு. மதுவில் வரும் பணத்தில் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் குடிநோய்ச் சிகிச்சைக்குப் படுக்கை போடு. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுபோகிற தோழர்கள், உங்கள் ஊர் டாஸ்மாக்கில் குவார்ட்டர் என்ன விலை, பியர் என்ன விலை, அவற்றில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று எழுதிக்கொண்டு போங்கள்.