மூடப்பட்ட தூய ஆவி ஓடை

பிரேசில் நாட்டின் அமேசான் மழைக்காட்டு நடுவே, ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் வாழும் மனவுஸ் நகரின் மையத்தில், எதுவார்தோ ரிபைரோ என்னும் ஆளுநரின் பெயரைத் தாங்கிய பெருஞ்சாலை ஒன்று உண்டு. ரப்பர்ச் செல்வம் கொழித்த 1890களில் ஓர் ஓடையை மண்ணிட்டு மூடி, அதன்மேல் அச்சாலையை அமைத்தார்கள். மூடப்பட்ட ஓடையின் பெயர் தூய ஆவி ஓடை. பெயரிட்டவர்களும் கிறிஸ்தவர்கள், மூடியவர்களும் கிறிஸ்தவர்கள். ஆளுநரின் பெயர் சாலைக்கு நிலைத்தது. ஆவியானவரின் பெயர் மண்ணுக்கடியில் போயிற்று.

அன்று ஓடையை மூட ஆளுநரின் ஆணை வேண்டியிருந்தது. இன்று எந்த ஆணையும் வேண்டியதில்லை. இடித்த சுவரும் உடைந்த ஓடும் காறைக்கட்டியும் வண்டி வண்டியாக ஓடைக்கரைகளில் வந்து விழுகின்றன. அவ்வூரார் தம் ஓடைகளை 'இகரப்பே' என்று அழைக்கிறார்கள். பழங்குடியினரின் துப்பி மொழியில் அதற்குத் 'தோணி வழி' என்று பொருள். தோணி வழியில் இன்று செங்கல் கிடக்கிறது.

"கல்லும் மண்ணும்தானே, மண்ணோடு மண்ணாகிவிட்டுப் போகட்டும்" என்பார் உண்டு. இந்த வாதத்தைத்தான் நாம் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. மனவுஸ் நகரைத் தொட்டோடும் நீக்ரோ ஆறு, உதிர்ந்த இலைகளின் சாறு இறங்கிக் கடுந்தேநீர் நிறத்தில் ஓடுவது. இயல்பிலேயே புளிப்புத் தன்மை மிக்கது. அந்நீருக்கென்றே பழகிய மீன்கள் அதில் வாழ்கின்றன. சிமெண்டுக் காறையில் இருப்பதோ சுண்ணாம்பு. புளித்த நீரில் அது கரைந்து நீரின் தன்மையையே மாற்றுகிறது. காற்றுப் புகாத சேற்றில் புதையும் ஜிப்சம் பூச்சு அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவாகிறது. ஆஸ்பெஸ்டாஸைப் பிரேசில் உச்ச நீதிமன்றம் 2017-இல் தடை செய்தது; ஆனால் அதற்கு முன்னே வேய்ந்த கூரைகள் இன்னும் ஒவ்வொன்றாக உடைபட்டு வருகின்றன. அந்தத் தூள் எந்த மண்ணோடு மண்ணாகும்?

மழையையும் எண்ண வேண்டும். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் ஊர் அது. வெள்ளக் காலத்தில் ஆறு உயர்ந்து ஓடைகளுக்குள்ளேயே திரும்பிப் புகும். 2021 ஜூனில் ஆற்றின் மட்டம் 30 மீட்டரைத் தொட்டது. 2024 அக்டோபரிலோ 12 மீட்டர் அளவுக்கு இறங்கிற்று. இவ்வாறு ஏறி இறங்கும் நீருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் இடிபாடு அடைக்கிறது. நீர் பிறகு எவர் வீட்டுக்குள் புகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதிலுள்ள அறிவீனம் இன்னொன்று. மனவுஸைச் சுற்றிலும் கருங்கல் அரிது. ஜல்லி வேண்டுமானால் வடக்கே நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறை நிலத்தினின்று வரவேண்டும். இல்லையேல் ஆற்றுப்படுகையைத் தோண்டிக் கூழாங்கல் அள்ள வேண்டும். பழைய கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்தால் சாலைக்கு அடித்தளமாகும், நடைபாதைக் கல்லாகும். அவர்களோ ஆற்றைக் குடைந்து கல் எடுக்கிறார்கள். கட்டி, இடித்து, அந்தக் கல்லை ஓடையில் கொட்டுகிறார்கள். இருமுறை ஆற்றைக் காயப்படுத்தி அதற்கு வளர்ச்சி என்று பெயரும் சூட்டுகிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. தேசியச் சுற்றுச்சூழல் மன்றத்தின் 307-ஆம் தீர்மானம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. இடிபாட்டை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பு. நீர்நிலை, சரிவு, வெற்றுமனை ஆகியவற்றில் கொட்டலாகாது. சிறிய அளவில் கட்டுவோர்க்கு நகராட்சியே வழி செய்ய வேண்டும். இவ்வளவும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. எனினும் பழி யார்மேல் விழுகிறது? ஓடைமேல் கால்நாட்டிய மரவீடுகளில் வாழ்ந்த ஏழைகள் மேல். பலகை வீட்டில் இருந்தவனிடம் கான்கிரீட் ஏது? 2006 முதல் அரசுத் திட்டத்தின்கீழ் அவ்வீடுகளில் பல அகற்றப்பட்டு, குடும்பங்கள் வேறிடம் சென்றன. ஏழை சுவரொன்றை இடித்துக் கட்டும்போது நாலு கூடை கல்லை ஓடையில் போடுகிறான் என்பது மெய்யே. அதை நாம் மறைக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க அருகில் ஓர் இடம் காட்டிவிட்டு அவனைக் குற்றஞ்சாட்டுவது முறையாகும்.

இதெல்லாம் திருச்சபையின் வேலையா என்று கேட்போர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். 2019 அக்டோபரில் அமேசானுக்கென உரோமையில் ஆயர் மாமன்றம் கூடியது. அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்புக்குரிய அமேசான்' என்னும் ஊக்கவுரையில் தம் நான்கு கனவுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று சுற்றுச்சூழல் பற்றியது. நம்மிடையே பேசப்பட்டதோ, மணமானவர்க்குக் குருத்துவம் உண்டா இல்லையா என்னும் ஒன்றுதான். மனவுஸ் பேராயர் 2022-இல் கர்தினாலானபோது அதைப் பெருமைச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம்.

வேலையா என்று ஐயுறுவோர் லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். நோய் பற்றிய வீட்டைக் குரு தாமே சென்று பார்க்கிறார். இடிக்க நேர்ந்தால் அதன் கல்லும் மரமும் காறையும் நகருக்கு வெளியே எங்கே போக வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இடிபாட்டுக்கு இடம் குறிப்பது இறைச்சட்டத்திலேயே இருக்கிறது.

நம் பங்குகளிலும் பழைய கோவிலை இடித்துப் புதிது கட்டும் ஆர்வம் குறையவில்லை. கட்டடக் குழுவின் கணக்கேட்டைப் புரட்டினால் கோபுரத்துக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, அர்ச்சிப்பு விழா விருந்துக்கு இவ்வளவு என்று வரிசையாக வரும். இடையில் எங்கோ 'இடிபாடு அகற்றிய லாரிக் கூலி' என்று ஒரு வரி. தொகை இருக்கும். லாரி எங்கே போய்க் கொட்டியது என்பது இராது.