முதுசமாகிய துவக்கு

ஏறாவூர்ப் போடியார் வீடுகளில் பாட்டன் பிடித்த வேட்டைத் துவக்கு மகன் கைக்கும் பேரன் கைக்கும் வந்ததைக் குலப்பெருமையாகப் பேசுவோர் இன்றும் உளர். குழலுக்கு எண்ணெய் பூசி, விருந்தாளிக்கு எடுத்துக் காட்டி, மானும் மரையும் விழுந்த கதையைச் சொல்லிக் கண் கலங்குகின்றனர். அந்தக் கண்ணீரில் நமக்குப் பங்கு வேண்டாம்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் இரவெல்லாம் விழித்துப் பயிர் காத்தவன் முல்லைக்காரன். தீப்பந்தமும் தொண்டையுமே அவன் ஆயுதங்கள். யானை வந்த இரவுகளில் அவன் பரணில் நடுங்க, துவக்கோ போடியாரின் அறையில் உறங்கிற்று. வேட்டை நாளில் காடு கலைத்தவனும் இறைச்சி சுமந்தவனும் அவனே. கதையில் மட்டும் அவன் இல்லை.

வேட்டையை வீரமாக்கியவர்கள் வெள்ளைத் துரைமார். பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அவரை ஹப்புத்தளையில் இடி கொன்றது. அந்தத் துரைத்தனத்தின் எச்சிலையே நம்மவர் முதுசம் என்கின்றனர்! 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டமோ ஆளுக்கு அனுமதிப்பத்திரம் தந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. காணியைப் போல வழிவழி இறங்கும் சொத்தன்று அது.

அனுமதியற்ற கிழட்டு இடியன்களின் கதை இன்னும் கொடிது. அவை கட்டுத்துவக்காகிக் காட்டுப் பாதையில் காத்துக் கிடக்கின்றன. குறுக்கே கட்டிய கயிற்றுக்குப் பன்றியின் காலும் விறகெடுக்கப் போனவனின் காலும் ஒன்றே.

யானைக்கு என்ன வழி என்பீர்கள். நியாயமான கேள்வி. 2023இல் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றுட் பல துவக்குச் சூட்டினால். யானையால் மாண்ட மனிதரோ 150க்கு மேல். பாட்டன் துவக்கு யாரைக் காத்தது? காயம்பட்ட யானை முன்னிலும் மூர்க்கமாகவே வயலுக்குத் திரும்புகிறது. மின்வேலியைக் கேளுங்கள், அதைப் பேண ஆள் கேளுங்கள், அழிந்த பயிருக்கு நட்டஈடு கேளுங்கள். போடியாரும் முல்லைக்காரனும் சேர்ந்தே கேட்கலாம்.

துவக்கு மனிதனை என்ன செய்யும் என்று ஏறாவூருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு விடுதலைப் புலிகள் புகுந்து, குழந்தைகளும் பெண்களும் உட்பட 100க்கு மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றனர். மறுநாள் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் ஊர்காவற் படையினரும் சேர்ந்து தமிழரைக் கொன்றனர். இரு பக்கத்துக் கபுறுகளும் சாம்பலும் இவ்வளவு அருகில் இருக்க, எந்தத் துவக்கைத்தான் கொஞ்சுவது?

ஒன்று கவனித்தீர்களா? பாட்டனின் கணக்குப் புத்தகத்தை எவரும் சுவரில் மாட்டக் காணோம். முல்லைக்காரனுக்கு அளக்காமல் விட்ட நெல்லின் கணக்கு அதில் இருக்கக்கூடும்.