சுழற்றி அடிக்கும் பையனைத் திட்டாதீர்கள்

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திருவள்ளூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் புகார் வந்துவிட்டது.

"அப்பா, இவன் இனிமே கிரிக்கெட் கோச்சிங் போகமாட்டானாம். என்னன்னு நீங்களே கேளுங்க."

பேரனுக்குப் பதினோரு வயது. மட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன். அவனா இப்படி?

"நான் சுத்தி சுத்தி அடிக்கிறேனாம் தாத்தா. உடம்பு திரும்பவே கூடாதாம். முழங்கையைத் தூக்கி நேரா அடிக்கணுமாம். அப்படி அடிச்சா பந்து போகவே மாட்டேங்குது" என்றான். கண்ணில் நீர் முட்டியது.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை என் மகனிடம் சொன்னவன் நான். மூர் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடையில் கோச்சிங் புத்தகம் ஒன்று வாங்கி வந்து, அதில் இருந்த படத்தைப் போலவே அவன் நிற்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் உயிரை வாங்கினேன். தெருவில் டென்னிஸ் பந்தை மாடிக்கு மேல் பறக்கவிட்டவன், ஆறே மாதத்தில் மட்டையைப் பரணில் போட்டுவிட்டான். நானும், "படிப்பில் கவனம் வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டேன். குமாஸ்தா புத்தி!

இப்போது ஓய்வாக இருப்பதால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இதே சண்டை அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்திலும் பல காலமாக நடக்கிறது. 1941-ல் .406 சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ், 1971-ல் மட்டை வீசுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் கட்சி, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், கை பின்னால் வரும் என்பது. பந்து எறிபவர் பத்து அங்குல மேட்டில் நின்று எறிவதால் பந்து சற்றுக் கீழ்நோக்கி வருகிறது, ஆகவே மட்டை லேசாக மேல்நோக்கிப் போகட்டும் என்பார். எதிர்க்கட்சி சார்லி லாவ் என்ற பயிற்சியாளர். உடம்பின் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு நேர்கோட்டில் நகர வேண்டும் என்பது அவர் வாதம். அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980-ல் .390 எடுத்தார். இரண்டு பக்கமும் சாட்சி பலமாக இருக்கிறது!

யார் சொல்வது சரி? இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நீரஜ் சோப்ரா 2021-ல் டோக்கியோவில் 87.58 மீட்டர் ஈட்டி எறிந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியை மறுபடி மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நேர்கோட்டில் வேகமாக ஓடி வருகிறார். கடைசியில் இடது காலை முளைக்குச்சி அடித்தாற்போல் ஊன்றுகிறார். ஓட்டம் அங்கே தடைபடுகிறது. தடைபட்ட வேகம் எங்கே போகும்? முன்பக்க இடுப்பு கதவின் கீல் மாதிரி நின்றுவிட, பின்பக்க இடுப்பு கதவு மாதிரி சுற்றி வருகிறது. அதன் பின்னால் மார்பு, தோள், முழங்கை, கடைசியாக ஈட்டி. ஒவ்வொரு அங்கமும் வேகம் எடுத்து, சற்றுத் தணிந்து, அடுத்ததற்கு இன்னும் அதிக வேகத்தைக் கொடுக்கிறது. அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்கு நேர்மாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு மேஜையிலும் வேகம் குறையும்.

ஆக நேர் ஓட்டமும் சுழற்சியும் பகையாளிகள் இல்லை. முன்னது பின்னதாக மாறுகிறது. வில்லியம்ஸும் முன்காலை எடுத்து வைத்துத்தான் அடித்தார். பிரெட்டும் இடுப்பைத் திருப்பித்தான் அடித்தார். ஒருவர் சங்கிலியின் முதல் கண்ணியைப் பெரிதாகச் சொன்னார், மற்றவர் இரண்டாவதை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சாயங்காலம் பெரியவர்கள் மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங்க் ஆடுவார்கள். பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதியில் அதன் பழைய ஆட்டத்தில் மூன்று அடி ஓடிவந்து எறிய வேண்டும். 1910 வாக்கில், மூட்டுவலியால் ஓட முடியாத ஒருவருக்காக, காலை ஊன்றியபடியே எறியலாம் என்று விதியை மாற்றினார்களாம். பெத்தாங்க் என்ற பெயருக்கே 'ஊன்றிய கால்கள்' என்றுதான் பொருள். ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் எறியும் தூரத்தையும் குறைத்துக்கொண்டார்கள். குறி வேண்டுமென்றால் நில், தூரம் வேண்டுமென்றால் உடம்பைச் சேர்த்துக்கொள். பேரன் கதைக்கு இது ரொம்பப் பொருத்தம்.

சரி, அப்படியானால் அந்தப் பயிற்சியாளர் சொன்னது தப்பா? அவசரப்படக் கூடாது. பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் வருகிறது, பின்னால் ஸ்டம்பும் கிடையாது. கிரிக்கெட்டில் பந்து குத்தி எழும்பும், தாழும். தவறவிட்டால் ஸ்டம்பு போய்விடும். நேர் மட்டை பந்து வரும் கோட்டிலேயே கொஞ்ச நேரம் பயணம் செய்கிறது. கணிப்பு இம்மி பிசகினாலும் மட்டையில் பட்டுவிடும். குறுக்கு மட்டையோ அந்தக் கோட்டை ஓர் இடத்தில்தான் வெட்டுகிறது. ஆகவே நேர் மட்டை நல்ல காப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 'மட்டை நேராகப் போகட்டும்' என்பது வேறு, 'உடம்பு திரும்பாதே' என்பது வேறு. முன்னது மட்டையின் பாதை. பின்னது பலம் பிறக்கும் இடம். நேராக அடிக்கும் டிரைவில்கூட தோள்கள் மேலும் கீழுமாகச் சுழலத்தான் செய்கின்றன. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் நாம் பிள்ளைகளை மரக்கட்டை ஆக்குகிறோம். நானும் ஆக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு சிப்காட் பக்கம் ஒரு காலி மைதானத்துக்குப் போனேன். ஷிப்டு முடிந்த தொழிலாளிகள் டென்னிஸ் பந்து மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒல்லியாக ஒருவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு பந்தை முள்வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கையிலயா இவ்வளவு பலம்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"கையில ஒண்ணும் இல்லீங்க ஐயா. நான் லோடுமேன். மூட்டையைக் கையால தூக்கிப் போட்டா ரெண்டே நாள்ல தோள் போயிடும். காலை ஊனி இடுப்பைத் திருப்பினா மூட்டை தானா லாரியில போய் விழும். இதுவும் அதே கதைதான்."

வில்லியம்ஸும் லாவும் ஆளுக்கொரு புத்தகத்தில் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்! பேரன் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் கருத்து இதுதான். பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு இயல்பாக வரும் சுழற்சியை முதலில் வளரவிட வேண்டும். பந்தைத் தூரமாக அடிக்கும் ஆனந்தம்தான் அவனை மைதானத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. மட்டையின் பாதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கலாம். பயிற்சியாளர்கள் 'திரும்பாதே' என்பதற்குப் பதில் 'முன்காலை ஊன்று, தலையை ஆட்டாதே, அப்புறம் திரும்பு' என்று சொல்லிப் பார்க்கட்டும். வித்தை ஒன்றும் கெட்டுவிடாது.

ஊருக்குத் திரும்பியதும் மகனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு உன்னை ரொம்பப் படுத்திட்டேன்டா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த மட்டை இன்னும் பரண்ல இருக்காப்பா?" என்று கேட்டான்.

இருந்தது. தூசி தட்டி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த முறை இரண்டு பஸ்ஸிலும் என்னோடு வரப்போகிறது.