மண்டையில் இன்னொரு அடி!

நினைவிழந்த பாத்திரத்தை எழுத மருத்துவம் எதற்கு, கற்பனை போதாதா என்று போன இதழில் ஒரு நாவலாசிரியர் முழங்கியிருக்கிறார். உதாரணத்துக்குத் தன் நாவலையே நீட்டுகிறார். விபத்தில் நாயகிக்குப் பெயர், ஊர், புருஷன் எல்லாம் மறந்துபோகிறது. புடவை கட்டவும் மறந்து அழுகிறாள். கடைசியில் மாடிப்படியில் உருண்டு, மண்டையில் இன்னொரு அடி. எல்லாம் திரும்பிவிடுகிறது. இதுவா கற்பனை? அரை நூற்றாண்டாக நம் சினிமா தேய்த்த தேய்வழக்கு.

புடவைக்கு வருவோம். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்க 1953-இல் மூளை அறுவை சிகிச்சை செய்தார்கள். நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி போயிற்று. அதன்பின் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள்தான். ஆனால் கோடு நாளுக்கு நாள் திருந்திக்கொண்டே வந்தது. ஆளுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருந்தது. ஆக, அந்த நாயகி அழுதிருக்க மாட்டாள். கொசுவம் பிசகாமல் கட்டி முடித்துவிட்டு, இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று விழித்திருப்பாள். எது நல்ல காட்சி? மருத்துவம் இலவசமாகத் தந்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டுக் கற்பனையின் பெருமை பேசுகிறார்.

விவரம் வாசகரைச் சலிக்க வைக்குமாம். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு உண்மையில் நேர்ந்ததுதான் 2012-இல் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்று படமானது. கல்யாணத்துக்கு முன்பு கிரிக்கெட்டில் விழுந்தவன், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். மணப்பெண்ணையே அடையாளம் தெரியவில்லை. தியேட்டர் குலுங்கியது அந்த விவரத்துக்குத்தான்.

'மூன்றாம் பிறை' படத்தில் எவர் மருத்துவம் கேட்டார் என்று மடக்குகிறார். நியாயம்தான், அதில் வரும் வைத்தியம் எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அதை இயக்கிய பாலு மகேந்திரா, குணமானதற்கு ஒரு விலை வைத்தார். நினைவிழந்த நாயகி தேறினாள், அவளைப் பார்த்துக்கொண்டவன் அவள் நினைவிலிருந்தே அழிந்தான். நம்மவர் நாயகி தேறியதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆஸ்பத்திரி பில் தவிர?