நாலு போல்ட்டை யார் பார்ப்பது?

டெக்சாஸுக்குப் படிக்க வந்த புதிதில் யாராவது "பாஸ் போட்" என்று சொன்னால், முதலாளிமார்கள் போகிற படகு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் :-) பாஸ் என்பது ஒரு நன்னீர் மீன் என்று தெரிய ஒரு செமஸ்டர் ஆனது. அந்த மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது இங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை, பரிசுப்பணம் வைத்து நடக்கிற போட்டி. அதற்கென்றே செய்யப்பட்டதுதான் பாஸ் படகு. 18 முதல் 21 அடி நீளம், ஃபைபர் கிளாஸ் உடம்பு, தாழ்வான பக்கங்கள், பின்னால் 200 அல்லது 250 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் இதில் சர்வசாதாரணம். அதுவும் தண்ணீரில், சீட் பெல்ட் இல்லாமல்.

ஆனால் இந்தக் கட்டுரை மீனைப் பற்றியதும் இல்லை, வேகத்தைப் பற்றியதும் இல்லை. அந்த மோட்டாரைப் படகோடு பிடித்து வைத்திருக்கிற போல்ட்டுகளைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஆய்வகத்தில் சீனியர் ஒருவர் என்னை லேக் ஃபோர்க் ஏரிக்கு அழைத்துப் போனார். படகு அவருடைய அப்பாவுடையது. லேக் ஃபோர்க் இங்கே ரொம்பப் பிரபலம். டெக்சாஸ் மாநிலத்திலேயே பெரிய பாஸ் மீன், 18.18 பவுண்டு, 1992ல் அங்கேதான் பிடிபட்டது. 1980ல் அணையில் நீர் தேக்க ஆரம்பித்தபோது நிறைய மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். மீனுக்கு அது சொர்க்கம். வேகமாகப் போகிற மோட்டாருக்கு நீருக்கடியில் ஒளிந்திருக்கும் கட்டைகள்.

படகை இறக்கும் முன் பின்னால் நின்று சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் போல்ட் ஒன்றின் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கறை வழிந்திருந்தது. உள்பக்கம் எட்டிப் பார்த்தால், நட்டுக்குக் கீழே இருந்த வாஷர் ஃபைபருக்குள் கொஞ்சம் அமுங்கியிருந்தது. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். "அது எப்பவுமே அப்படித்தான் இருக்கு" என்றார் பெரியவர். இருந்தாலும் வண்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். நட் கிட்டத்தட்ட அரைச் சுற்று லேசாகத் திரும்பியது. பக்கத்து நட்டும் அதே கதை.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாலு வருஷமா இதை நான் தொட்டதே இல்லை" என்றார். அன்று படகு தண்ணீரில் இறங்கவில்லை. பிற்பாடு மெக்கானிக் துளை போட்டுப் பார்த்தபோது பின்சுவருக்குள் இருந்த பிளைவுட் ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகியிருந்ததாம்.

இதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்கலாம். 250 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 230 கிலோ எடை. அது படகுக்கு வெளியே, பின்னால் தொங்குகிறது. அதனால் மேல் போல்ட்டுகளை எப்போதும் பின்னோக்கி இழுக்கிறது. புரொப்பல்லர் கீழே இருந்துகொண்டு படகை முன்னால் தள்ளும்போது, பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி சுவரில் அழுந்துகிறது, மேல்பகுதி விலகப் பார்க்கிறது. ஆக இரண்டு சுமையும் மேல் போல்ட்டுகளின் தலையில்தான் விழுகிறது. என் தோராயக் கணக்குப்படி 110 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுவிசை மட்டும் 400 கிலோ எடைக்குச் சமம். கிளம்பும்போது இன்னும் அதிகம். அலையில் படகு எகிறி விழும்போது மோட்டாரின் எடையே பல மடங்காகத் தெரியும்.

இதோடு பாஸ் படகுக்காரர்களின் செல்லப்பிள்ளையான ஜாக் பிளேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கும் படகுக்கும் நடுவே வைக்கிற அலுமினிய அமைப்பு அது. மோட்டாரை 10, 12 அங்குலம் பின்னால் தள்ளி வைக்கும், மேலே கீழே நகர்த்தவும் விடும். வேகம் கூடும், ஆழம் குறைந்த இடத்திலும் போகலாம். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. நெம்புகோலின் கை நீளமாகிவிடுகிறது. நாலு போல்ட் இருந்த இடத்தில் எட்டாகிறது: மோட்டாரிலிருந்து பிளேட்டுக்கு நாலு, பிளேட்டிலிருந்து படகுக்கு நாலு. தளர்வதற்கு இடம் இரண்டு மடங்கு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. போல்ட் பெரும்பாலும் "பலம் போதாமல்" உடைவதில்லை. சரியாக முறுக்கிய போல்ட் இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து வரும் சுமை ஏறி இறங்கினாலும் போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசை கொஞ்சம்தான் மாறும். அந்த இறுக்கம் போய்விட்டால் ஒவ்வொரு அலையும் முழுசாக போல்ட்டையே இழுத்து விடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பது போல, லட்சக்கணக்கான சின்னச் சின்ன இழுப்புகளில் விரிசல் வளர்ந்து ஒருநாள் பட்டென்று போகும். உலோகக் களைப்பு என்று வகுப்பில் படிப்பது இதைத்தான்.

இறுக்கம் ஏன் போகிறது? நான் பார்த்ததுபோல மரம் ஊறி அமுங்கலாம். சின்ன வாஷர் போட்டிருக்கலாம். ஸ்டெயின்லெஸ் நட் ஸ்டெயின்லெஸ் போல்ட்டிலேயே ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டார்க் ரெஞ்ச்சில் சரியான எண்ணைக் காட்டி நம்மை ஏமாற்றலாம். உண்மையில் இறுக்கம் ஏறியே இருக்காது. "ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது" என்பதும் முழு உண்மை இல்லை. அதைக் காக்கும் மெல்லிய படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். சீலன்ட்டுக்கு அடியில், ஈரமான ஓட்டைக்குள் ஆக்சிஜன் கிடைக்காமல் உள்ளேயே அரிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். இதெல்லாம் தண்ணீரில் மட்டும் நடப்பதில்லை. டிரெய்லரில் வைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த 230 கிலோ குதிக்கிறது.

சரி, இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இந்த இணைப்பு யாருடைய பொறுப்பு?

மோட்டார் கம்பெனியைக் கேட்டால், எங்கள் பிராக்கெட் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். படகு கம்பெனியைக் கேட்டால், ஜாக் பிளேட்டை நாங்கள் செய்யவில்லை என்பார்கள். பிளேட் செய்தவர், மாட்டியது டீலர் என்பார். டீலர், மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டியது உரிமையாளர் என்பார். உரிமையாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் யார் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் எல்லோருடைய பொருளும் சந்திக்கிற அந்த ஒரு அங்குல இடத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

ஒரு சின்ன உதாரணம். மெர்க்குரி நிறுவனக் கையேடுகளில் இந்த போல்ட்டுகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. சாதாரணப் பின்சுவர் என்றால் 75 நியூட்டன் மீட்டர். உலோக ஜாக் பிளேட் என்றால் 122. அதே போல்ட்தான், ஆனால் எதில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து முறுக்கு மாறுகிறது. மோட்டாரை வாங்கி, இரண்டு வருடம் கழித்து வேறு கடையில் ஜாக் பிளேட் மாட்டுகிறவருக்கு இதை யார் சொல்வது?

சட்டமும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. அதிகபட்சக் குதிரைத்திறன், எடை எல்லாம் எழுதிய தகடு அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளுக்குத்தான் கட்டாயம். பெரிய பாஸ் படகுகள் 20, 21 அடி. தகடு இருந்தாலும் அதில் போல்ட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"அடிமரத்தில் மோதினால் எந்த போல்ட்டும் தாங்காது, அதற்கு என்ன செய்ய முடியும்?" என்று சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி. மோதும்போது மோட்டார் பின்னோக்கி மேலே எழும்பும்படிதான் செய்திருக்கிறார்கள், அதிர்ச்சியைத் தாங்க ஹைட்ராலிக்கும் இருக்கிறது. அந்த வேகத்தில் கனமான கட்டையில் மோதினால் அதையும் மீறி பிராக்கெட் முறிந்து, மோட்டார் சுழலும் புரொப்பல்லரோடு படகுக்குள்ளேயே வந்து விழுந்த விபத்துகள் உண்டு, உயிர்களும் போயிருக்கின்றன. ஆனால் ஏற்கனவே தளர்ந்து விரிசல் விட்ட இணைப்புக்கு அவ்வளவு பெரிய மோதல் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "விதி" என்று சொல்லிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான படகுகளை ஓட்டுபவர், வேகமாகப் போகும்போது, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கயிறு, ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால்தான் வேலை செய்யும். மோட்டார் உள்ளே வந்து விழும்போது ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தால் கயிறு இழுபடாது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஜாக் பிளேட் விற்கிறவர், போல்ட் அளவையும் முறுக்கு எண்ணையும் பிளேட்டிலேயே பொறித்துத் தரட்டும். மாட்டிய டீலர், முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை இலவசமாக இறுக்கிப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கட்டும். போட்டி நடத்துகிறவர்கள் காலையில் எஞ்சின் நிறுத்தும் கயிற்றைச் சரிபார்க்கும்போது, மேல் போல்ட்டுகளையும் ஒரு பார்வை பார்க்கட்டும். கறை வழிகிறதா, வாஷர் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு படகுக்கு ஒரு நிமிடம் போதும்.

பெரியவர் இப்போது ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டார். பின்சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். செலவைக் கேட்டு எனக்கே மயக்கம் வந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார். அந்த வாரத்துக்கு முந்தைய வாரம் அதே படகில் பேரனை உட்கார வைத்து முழு வேகத்தில் ஓட்டினாராம்.